நின்ற கார் நகர்ந்த ஆயுத பூஜை

சாமி,

போனில் பேசினால் பாதியிலேயே நீ "சரிம்மா, விடும்மா" என்று சொல்லிவிடுவாய். எனக்கும் சுருக்கென்று கோபம் வந்து போனை வைத்துவிடுவேன். அதனால்தான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் நானே ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புகிறேன். கடைசி வரைக்கும் படித்துவிட்டுக் கூப்பிடு. நடுவில் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன், என் குணம் உனக்குத் தெரியும்.

விஷயம் கார் சாவிதான். ஆயுத பூஜை அன்று நடந்ததை அங்கே கனடாவில் உட்கார்ந்து வீடியோவில் பார்த்துவிட்டு, "அம்மா இனிமேல் வண்டியைத் தொடவே கூடாது, சாவியை வாங்கி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று உன் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டாய். அவரும் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து கார் வீட்டு ஷெட்டில் நிற்கிறது, உன் அப்பா வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். ஈரோட்டுக்கு பிசியோதெரபி பயிற்சிக்குப் போவது நின்றுவிட்டது. விரிய ஆரம்பித்திருந்த அவருடைய இடது கை விரல்கள் திரும்பவும் மடங்கிக்கொண்டு வருகின்றன. தினமும் காலையில் அவர் கைக்கு எண்ணெய் போட்டு நீவுகிறவள் நான். எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு நாள் இருந்தது. பெற்றவளிடம் சாவியைப் பிடுங்குகிற அளவுக்குப் பையன் பெரியவனாகிவிட்டானா என்று அடுப்படியில் பாத்திரங்களை நன்றாக உருட்டினேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு எனக்குக் காலும் கையும் இருந்தது, ஓடினேன். உன் கையில் ஒரு போன் மட்டும்தான் இருந்தது. அம்மா இல்லாத கார் அப்பாவைப் பார்த்து நகர்ந்து போவதை ஒன்றும் செய்ய முடியாமல் பார்த்தவன் நீ ஒருவன்தான். "அம்மா, வண்டி! அப்பா!" என்று நீ கத்திய குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அம்மை போட்டுக் கிடந்தபோது என்னைக் கூப்பிடுவாயே, அதே குரல். அந்தக் குரலைக் கேட்ட பிறகு உன்னிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது?

ஆனாலும் அன்று என்ன நடந்தது என்பது உனக்கு முழுதாகத் தெரியாது. நீ பார்த்தது சித்தி பிடித்திருந்த போனுக்குள் தெரிந்த அளவுதான். அதனால் வண்டி வந்த நாளிலிருந்தே சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

உன் கல்யாணத்துக்கு முன்பே அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. கல்யாணம் முடிந்து நீயும் மருமகளும் கிளம்புவதற்கு முன் இந்தக் காரை வாங்கி நிறுத்தினாய். "கிளட்ச் இல்லைப்பா, கியர் மாத்த வேண்டாம், வலது கால் மட்டும் போதும், நீங்களே ஓட்டலாம்" என்று நீ சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்தாயா? நான் பார்த்தேன். ஊர் ஊராகப் போர்வெல் போடுகிற ரிக் லாரியில் கர்நாடகா, ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று பாதி ஆயுளைக் கழித்த மனுஷன். நீங்கள் விமானம் ஏறிய அந்த வாரமே லாரிகள் நிற்கிற ரிக் ஷெட் மைதானத்துக்குப் போய் ஓட்டிப் பார்த்தார். ஒரே ஒரு சுற்று. இடது பக்கத்துச் சுவரை உரசப் போய்விட்டார். நான் கத்தவில்லை, அவரே நிறுத்தினார். "இடது பக்கம் செவுரு இருக்கறதே எனக்குத் தெரியல புள்ள. இனி நீ ஓட்டு" என்று சாவியை என் மடியில் போட்டார். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். "அம்மாதான் ஆசைப்பட்டா" என்று உன்னிடம் அளந்தது அவர்தான். இப்போது சத்தியத்தை மீறுகிறேன். அவர் படித்தால் நீ சமாளித்துக்கொள்.

இப்படித்தான் ஸ்கூட்டியைத் தவிர வேறு எதையும் தொடாத நான் இந்த வயதில் எல் போர்டு மாட்டிக்கொண்டேன். திருச்செங்கோட்டுத் தெருவில் என்னைக் கண்டதும் ஆட்டோக்காரர்கள் ஒதுங்கினார்கள். உன் அப்பா பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். பள்ளிபாளையம் பாலத்துக்கு முன்னால் நிற்கிற வண்டி வரிசை உனக்குத் தெரியும். காலேஜ் பஸ், நூல் ஏற்றிய வேன், லாரி எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருக்கும். அங்கே பிரேக்கை மிதித்து மிதித்து என் வலது முழங்கால் வீங்கிப்போனது. அதைக் கேட்டுத்தான் வண்டியிலிருக்கிற ஹோல்டு பட்டனைப் பற்றி வீடியோவில் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். பட்டனை அமுக்கி வைத்துவிட்டால் பிரேக் மிதித்து நின்றதும் வண்டி தானே பிடித்துக்கொள்ளும், பச்சை எழுத்து எரிந்தால் காலை எடுத்துவிடலாம், மறுபடி ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் விட்டுவிடும். முதல் தடவை பாலத்தில் நான் காலை எடுத்துக் காட்டியபோது உன் அப்பா, "காலே இல்லாம வண்டி நிக்குதா? இதென்ன பேய் புடிச்ச வண்டியா?" என்றார். எனக்கு ஒரே பெருமை. மலைக் கோயிலுக்குக் கார் ரோட்டில் ஏறும்போது முன்னால் போன வேன் திடுமென்று நின்றுவிட்டது. ஹோல்டு இல்லாவிட்டால் வண்டி பின்னால் சரிந்திருக்கும். அன்று அம்மையப்பனைக் கும்பிட்ட கையோடு உன்னையும் ஒரு தடவை கும்பிட்டேன்.

பெருமை எங்கே கொண்டுபோய் விட்டது பார். பயிற்சி கொடுக்கிற இடத்து வாசலில் நிறுத்துவேன், பச்சை எழுத்து எரியும். அப்படியே கியரை ஓடுகிற 'டி'யிலேயே விட்டுவிட்டு, பெல்ட்டைக் கழற்றி இறங்கிப் போய் அப்பாவைப் பிடித்து இறக்குவேன். பெல்ட்டைக் கழற்றிக் கதவைத் திறந்ததும் வண்டிக்குள் 'கிர்' என்று ஒரு சத்தம் வரும். நான் இறங்குவதைத் தெரிந்துகொண்டு வண்டியே ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக்கொள்கிற சத்தம் அது. எத்தனையோ மாதமாக என் சோம்பலுக்கு அந்த வண்டி முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. கியரை பார்க்கிங் 'பி'க்குத் தள்ள ஒரு நொடிகூட ஆகாது. அதைக்கூடச் செய்யாமல், நிறுத்தினேன், நின்றது, அவ்வளவுதான் என்று இறங்கிக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜை அன்று காரைக் கழுவிப் பொட்டு வைத்து மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. நான் ஏறி உட்கார்ந்தேன். எலுமிச்சம்பழம் நசுக்குவதற்கு யாராவது பெல்ட் போடுவார்களா? போடவில்லை. பழக்கத்தில் கை ஹோல்டு பட்டனை அமுக்கியது. 'டி'யில் போட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். பழம் நசுங்கியது, வண்டி நின்றது. நம் வீட்டுத் தள்ளு கேட்டுக்குத் தரையில் இரும்புத் தண்டவாளம் இருக்கிறதே, முன் சக்கரம் அதில் முட்டி நின்றிருக்கிறது. நான் ஹோல்டுதான் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பெல்ட் போடாவிட்டால் அந்த ஹோல்டு வேலையே செய்யாது என்பது எனக்குத் தெரியாது. பச்சை எழுத்து எரிகிறதா என்று பார்க்கவும் இல்லை. உன் சித்தப்பா மணியை ஆட்டிக்கொண்டே, "அண்ணி, வந்து கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிடுங்க" என்றார். இறங்கிவிட்டேன். 'கிர்' சத்தம் வரவில்லை. கதவு திறந்திருக்கிறது என்று வண்டி கத்திக்கொண்டுதான் இருந்திருக்கும், மணிச் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்?

உன் அப்பா கேட்டுக்கு அந்தப் பக்கம் வாக்கரைப் பிடித்து நின்றுகொண்டு, "மாலை கோணலா இருக்குது" என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஏசி நின்று மறுபடி ஓட ஆரம்பிக்கும்போது என்ஜின் கொஞ்சம் எகிறும், அது பிற்பாடு தெரிந்துகொண்டது. அந்த எகிறலில் சக்கரம் தண்டவாளத்தைத் தாண்டிவிட்டது. கையில் விபூதியோடு நான் திரும்பிப் பார்த்தது உன் கத்தலைக் கேட்டுத்தான். அந்த வகையில் உன் அப்பாவைக் காப்பாற்றியது நீதான் சாமி, நீ ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஓடுகிற டவுன் பஸ்ஸில் ஏறுகிற மாதிரி ஏறி பிரேக்கை மிதித்தேன். அதற்குள் பம்பர் வாக்கரைத் தொட்டு, அவர் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். முழங்காலில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுகிறேன், அவர் என் முதுகைத் தட்டி, "ஊரூராக் குழி போட்டவனை நம்மூட்டு வாசல்லயே குழிக்குள்ள அனுப்பப் பாத்தியே புள்ள" என்கிறார். இதையெல்லாம் நீ கேட்டிருக்க மாட்டாய். சித்தி பதறிப்போய் போனைக் கீழே போட்டுவிட்டாள், உன் திரையில் ஆகாயம்தான் தெரிந்திருக்கும். அந்த ஆகாயத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாயோ.

அதற்கப்புறம் நான் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. வண்டியோடு கொடுத்த தடிப் புத்தகத்தை எடுத்து, நானும் உன் அப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்து படித்தோம். அவர் இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படிப்பார், நான் அர்த்தம் சொல்வேன், இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்வோம். "லாரின்னா முதல் கியர்ல போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை குடுக்காம எறங்க மாட்டோம். பட்டனை நம்பி எறங்கறது எந்த ஊர்ப் பழக்கம்?" என்று நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டேன். நினைவிருக்கிறதா, சின்ன வயதில் லீவுக்கு அவரோடு ரிக் சைட்டுக்குப் போய் வந்தவன், வீட்டில் சைக்கிளை நிறுத்தினால்கூட டயருக்குச் செங்கல் வைத்துவிட்டுத்தான் சோறு தின்ன வருவாய். அப்பாவிடம் வேலை கற்றவர்களில் உருப்படாமல் போனது நான் ஒருத்திதான்.

படித்ததைச் செய்து பார்க்க வேண்டுமே. உன் சித்தப்பாவை நச்சரித்து, சாவியோடு வந்து காரை ரிக் ஷெட்டுக்கு ஓட்டிவர வைத்தேன். மைதானத்தில் ஆள் யாரும் இல்லாமல், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். பெல்ட் இல்லாமல் ஹோல்டை அமுக்கினால் எழுத்தே வரவில்லை, காலை எடுத்ததும் வண்டி நகர்ந்தது. பெல்ட் போட்டு அமுக்கினால் வெள்ளையாக வந்து, நின்றதும் பச்சையானது. என் கண்ணால் பார்த்த பிறகுதான் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. இறங்கும்போது உன் சித்தப்பா சாவியைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். "நீங்க நல்லாத்தானுங்க ஓட்டறீங்க அண்ணி. ஆனா அவன்கிட்ட வாக்குக் குடுத்துட்டனுங்க. அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நேர்மையான மனுஷன்.

இனிமேல் நான் எப்படி ஓட்டுவேன் என்றும் சொல்லிவிடுகிறேன். சிக்னலிலும் பாலத்து நெரிசலிலும் 'டி'யிலேயே இருக்கும், ஹோல்டு பிடித்துக்கொள்ளும், பச்சையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் காலைத் தளர்த்துவேன், அப்போதும் கால் பிரேக் பக்கத்திலேயே இருக்கும். 'என்' என்கிற நியூட்ரலை நடு ரோட்டில் தொடவே மாட்டேன். ஒரு தடவை தொட்டுவிட்டு, மறந்துபோய் ஆக்ஸிலேட்டரை மிதித்து, வண்டி நின்ற இடத்திலேயே உறுமி, பின்னால் நின்ற பஸ் டிரைவர் ஹாரனிலேயே என்னைத் திட்டிவிட்டான். ரயில்வே கேட் போல அதிக நேரம் நிற்க வேண்டிய இடத்தில் 'பி'. பெல்ட்டைக் கழற்ற வேண்டுமானால், அது எலுமிச்சம்பழம் நசுக்கிய பிறகானாலும் சரி, பிரேக்கில் காலை வைத்தபடியே 'பி'யில் போட்டு, ஹேண்ட் பிரேக் சிவப்பு எரிவதைப் பார்த்து, என்ஜினை அணைத்துவிட்டுத்தான் கதவில் கை வைப்பேன். அப்பா ஏறும்போதும் இறங்கும்போதும் வண்டிக்கு உயிரே இருக்காது. அன்றைக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஹோல்டைக் குறை சொல்ல மாட்டேன், அது என் முழங்காலுக்குச் செய்த உதவி கொஞ்சநஞ்சமில்லை. நான் வண்டிக்குள் இருக்கும் வரைக்கும்தான் அதற்கு வேலை, அவ்வளவுதான்.

உனக்கும் ஒன்று சொல்கிறேன், அம்மாவுக்குப் புத்தி சொல்ல உனக்கு வாய்ப்பு கிடைத்த மாதிரி எனக்கும் ஒரு வாய்ப்பு. காலையில் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்ட, என்ஜினை ஓடவிட்டுவிட்டு நீ இறங்கி வண்டிக்கு முன்னால் நிற்கிறாயாம். மருமகள் சொன்னாள், கோள் சொன்னாள் என்று அவளிடம் சண்டைக்குப் போகாதே. இறங்குமுன் கியர் எங்கே இருக்கிறது என்று பார், கண்ணா. அவசரத்தில் இருக்கும்போதுதான் கை பழைய பழக்கத்துக்குப் போகும். உனக்கு எத்தனை வயதானாலும் எனக்கு நீ சக்கரத்துக்குச் செங்கல் வைக்கிற பிள்ளைதான். அங்கே உன்னைப் பார்த்துக் கத்துவதற்கு நான் பக்கத்தில் இல்லை.

டிரைவர் வைத்துக்கொள்ளலாமே என்று நீ சொன்னாய், செய்தும் பார்த்தோம். நல்ல பையன்தான், குறை ஒன்றும் இல்லை. ஆனால் அப்பாவை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி சீட்டில் வைத்தான், இறங்கும்போதும் அப்படியே. உன் அப்பா யாரையும் தூக்கவிட்டவர் இல்லை. நானானால் தோளை மட்டும்தான் கொடுப்பேன், எவ்வளவு நேரமானாலும் அவரே எழுந்து நிற்கும் வரைக்கும் காத்திருப்பேன், கை கொடுத்தால் என்னைத் திட்டுவார். அந்தப் பையனைத் திட்டவில்லை. அடுத்த தடவை வண்டி வந்து நின்றபோது, "எனக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்குது, போகச் சொல்லு" என்றார். "ஏனுங்க மாமா, கையைப் பாருங்க, விரல் மடங்குது" என்று கெஞ்சினேன். "நீ ஓட்டுனா வாரேன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சொல்லு சாமி, பம்பர் இடித்துக் கீழே விழுந்த மனுஷனே என் வண்டியில் ஏறத் தயாராக இருக்கிறார்.

எனக்குப் பயமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மைதானத்தில் அன்று சீட்டில் உட்கார்ந்தபோது முதலில் உள்ளங்கை வேர்த்தது. அந்தப் பயம் கொஞ்சம் என்னோடு இருந்துவிட்டுப் போகட்டும், இறங்குமுன் 'பி'யில் போட அது ஞாபகப்படுத்தும். ஆனால் அந்தப் பயத்துக்காக உன் அப்பா ஒரு கையை இழக்க முடியாது. பயிற்சி கொடுக்கிற அம்மா போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இன்னும் தள்ளிப் போட்டால் பழையபடி விரிய வைப்பது கஷ்டம் என்று. வருகிற திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கி வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்தக் காருக்கும் கம்பெனியில் இரண்டு சாவி கொடுப்பார்கள். நீ மறந்துவிட்டாய், உன் சித்தப்பாவும் மறந்துவிட்டார். இன்னொன்று என் பீரோவில், கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கிறது. நீ தடுத்த அன்றும் அங்கேதான் இருந்தது. விரல் மடங்குவதைப் பார்க்கும் ஒவ்வொரு நாளும் பீரோவைத் திறந்து அதைப் பார்ப்பேன், எடுக்காமல் மூடிவிடுவேன். நீ பயந்துபோய்ச் சொன்ன சொல்லை நான் பின்பக்கமாக மீறினால், அப்புறம் அவ்வளவு தூரத்திலிருந்து என்னை நீ எதை வைத்து நம்புவாய் என்று தோன்றும். திங்கட்கிழமை நீ சொன்னாலும் சொல்லாவிட்டாலும் எடுக்கத்தான் போகிறேன், உன் அப்பா கைக்காக. நீ சொல்லி எடுத்தால், பச்சை எழுத்தைப் பார்த்துக் காலை எடுத்த மாதிரி இருக்கும், சாமி.

உன் அம்மா